வாயுன்னு விட்டுவிடலாமா, ஸ்கோப் பார்க்கணுமா? முகாம் கேள்வித்தாளைத் திருத்தித் தாருங்கள்

பள்ளத்தூர் தன்னார்வலர்

வணக்கம். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் மூன்று ஊருக்கும் சேர்த்து வயிற்று நோய்க்கு ஒரு முகாம் வைக்கிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வாயு, சூடு, மூலம் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் உட்காருவார்கள். அதில் யாரை ஐபிஎஸ் (எரிச்சல் குடல்; கட்டியோ புண்ணோ இல்லாமல் குடலின் ஒழுங்கு கெடுவது) என்று மருந்து கொடுத்து அனுப்பலாம், யாரைப் பெருங்குடல் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகித்து ஸ்கோப் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) எடுக்கப் பெரிய மருத்துவமனைக்கு மேலே அனுப்ப வேண்டும் என்று பிரிக்க ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறோம்.

இப்போதைய வரிசை: வலி எங்கே, பத்துக்கு எத்தனை மார்க் வலி, எதைச் சாப்பிட்டால் வருகிறது, மலம் எத்தனை முறை, ரத்தம் உண்டா இல்லையா. இது போதுமா? கேட்கப் போவது மருத்துவம் படிக்காத தன்னார்வலர்கள். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும்.

மதுரை குடல்நோய் மருத்துவர்

நல்ல முயற்சி. ஆனால் வலிக்கு மார்க் போடும் கேள்வியை முதலிடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஒரு கேள்வியே ஆளைத் தவறான பக்கம் தள்ளிவிடும்.

பெருங்குடலின் உள்தோலுக்கு வெட்டினாலோ கிள்ளினாலோ வலி தெரியாது. ஸ்கோப் வழியாகப் பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கும்போது நோயாளிக்கு ஒன்றுமே தெரியாததற்குக் காரணம் அதுதான். குடலுக்கு வலிப்பது அது இழுபடும்போது. ஐபிஎஸ் உள்ளவருக்குக் குடல் நரம்புகள் கூடுதல் கூர்மையாக இருப்பதால், மற்றவருக்கு உறைக்காத சாதாரண வாயுவே அவரைச் சுருட்டிப் போட்டுவிடும். புற்றோ உள்தோலில் முளைத்துப் பல மாதம் வலியே இல்லாமல் வளரும். வழியை அடைக்கும்போதோ சுவரைத் தாண்டும்போதோதான் வலி வரும். ஆகவே 'பத்துக்கு ஒன்பது' சொல்பவரை முதல் வரிசையிலும், 'வலியெல்லாம் இல்லைங்க, கொஞ்சம் அசதிதான்' என்பவரைக் கடைசி வரிசையிலும் உட்கார வைத்தால் ஆள் மாறிப் போகும்.

முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தத் தொந்தரவு எப்போது ஆரம்பித்தது, அப்போது உங்களுக்கு என்ன வயது? ஐபிஎஸ் பெரும்பாலும் இளவயதில் ஆரம்பித்து, ஏறி இறங்கி, வருடக்கணக்கில் ஒரே குணத்தோடு இருக்கும். 2016இல் வந்த ரோம் 4 என்ற சர்வதேச ஐபிஎஸ் வரையறை சொல்வது: கடந்த 3 மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அதோடு இந்த மூன்றில் இரண்டு. வலி மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், எத்தனை தடவை போகிறோம் என்பது மாற வேண்டும், மலத்தின் உருவம் மாற வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கவும் வேண்டும். இந்தக் கால அளவு முக்கியம். மூன்று வாரமாக வயிறு சரியில்லை என்று வருபவருக்கு யாரும் ஐபிஎஸ் என்று பெயர் வைக்கக் கூடாது.

45 வயதுக்கு மேல் முதல் தடவையாக மலப் பழக்கம் மாறி, அது நான்கு வாரம் தாண்டியும் நீடித்தால் வேறு எந்தக் கேள்விக்கும் என்ன பதில் வந்தாலும் மேலே அனுப்புங்கள். பழைய ஐபிஎஸ்காரரும் இதில் சேர்வார். ஐபிஎஸ் புற்றாக மாறுவதில்லை. ஆனால் அது இருப்பதால் புற்று வராது என்ற உறுதியும் கிடையாது. 25 வயதிலிருந்து பேதி வகை ஐபிஎஸ் உள்ளவருக்கு 55இல் புதிதாக மலச்சிக்கல் வந்தால் அதைப் பழைய கணக்கில் எழுதக் கூடாது. 'எப்போதும் இருப்பதுதானா, இந்த ஆறு மாதத்தில் மாறியதா?' என்று தனியாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

மலத்தின் உருவத்துக்கு, அதை 1 முதல் 7 வரை வரைந்து காட்டும் பிரிஸ்டல் படத்தை அச்சிட்டு மேசையில் வையுங்கள். 1, 2 என்பது ஆட்டுப் புழுக்கை போலவோ கட்டி கட்டியாகவோ போவது. 3, 4 நல்ல உருவம். 6, 7 கூழ், தண்ணீர். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள்.

எண்டோஸ்கோபி செவிலியர்

டாக்டர் சொன்னதோட இரண்டு சேர்த்துக்கிறேன்.

'ராத்திரி தொந்தரவு உண்டா?'ன்னு பொதுவா கேட்டா எல்லாரும் உண்டுன்னுதான் சொல்லுவாங்க. கேட்க வேண்டியது, 'நல்லாத் தூங்கிக்கிட்டு இருக்கும்போது வயித்த வலிச்சோ, வெளிக்கு வந்தோ முழிப்புத் தட்டுதா?' ஐபிஎஸ் குடல் பெரும்பாலும் ஆள் தூங்கினா தானும் அடங்கிடும். விடிகாலை எழுந்த கையோட நாலு தடவை ஓடுறது ஐபிஎஸ்ல சகஜம். ஆனா நடுச்சாமத்துல பேதி எழுப்புதுன்னா அது வேற: புற்றாவும் இருக்கலாம், குடல் அழற்சியா இருக்கலாம், சர்க்கரை நரம்பைப் பிடிச்சதாவும் இருக்கலாம்.

அப்புறம் 'ரத்தம் உண்டா இல்லையா'ன்னு கேட்டா இங்க பதில் 'இல்லை'ன்னுதான் வரும். காரணம், யாரும் பார்க்கிறதில்லை. தண்ணி ஊத்திட்டு வந்துடுவாங்க. வயசான ஆச்சிமார் கண்புரையோட இருப்பாங்க, கழிவறைல வெளிச்சமும் பத்தாது. அதனால முகாமுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லி அனுப்புங்க: மூணு நாள், தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி வெளிச்சம் போட்டுப் பாருங்க. என்ன பார்க்கணும்னும் சொல்லுங்க. ரத்தம் மலத்து மேல கோடு மாதிரி இருக்கா, முடிஞ்ச பிறகு சொட்டுச் சொட்டா விழுதா, மலத்தோட கலந்திருக்கா, சீதத்தோட வருதா. வெறும் வெள்ளைச் சீதம் ஐபிஎஸ்லயும் வரும், பயப்பட வேண்டியதில்லை. ரத்தம் கலந்த செஞ்சீதம் அப்படியில்லை.

நிறத்துல குழப்பம் வரும். பீட்ரூட் சாப்பிட்டா சிவப்பாப் போகும். இரும்புச் சத்து மாத்திரைக்குக் கரும்பச்சையாப் போகும். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்ட மறுநாள் கறுப்பாப் போகும். ஆனா தார் மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிட்டு, தாங்க முடியாத நாத்தத்தோட போனா அது இரைப்பை, சிறுகுடல் பக்கத்து ரத்தம். அதுக்கு முகாம் வரை காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தேவகோட்டை சர்ஜன்

மூலத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். நம் பக்கத்தில் ரத்தம் என்றாலே மூலம். துத்திக் கீரையும் மோரும் பல மாதம் ஓடியபின்தான் ஆசனவாயைப் பார்க்கவே விடுவார்கள்.

மூலத்தில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. மலம் போன பிறகு சொட்டும் அல்லது பீய்ச்சும். பெரும்பாலும் வலி இருக்காது. ஆசனவாய் வெடிப்பு என்றால் கத்தியால் கீறினாற்போல வலி, மலத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. மலக்குடல் புற்றில் ரத்தம் கொஞ்சம் கறுத்து, சீதத்தோடு, மலத்தில் கலந்து வரும். போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கும், மறுபடி உட்கார்ந்தால் சீதமும் ரத்தமும் மட்டும் வரும். இந்தக் கடுப்பு நாள் முழுக்க நீடிக்கும். ஐபிஎஸ்ஸிலும் 'முழுசாப் போகலை' என்ற உணர்வு உண்டு, ஆனால் ரத்தம் இருக்காது.

இதைப் படித்துவிட்டு நிறத்தை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்ய வேண்டாம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் உள்ள புற்றும் பளிச்சென்ற ரத்தம்தான் விடும். மூலம் அவ்வளவு சாதாரணமான நோய் என்பதால், புற்று உள்ளவருக்கும் மூலம் இருக்கும். மூலத்தைக் கண்டுபிடித்தது அதற்கு மேலே குடலில் ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவே முகாமில் திரை போட்ட ஓர் இடம், ஒரு கட்டில், கையுறை, லிக்னோகெய்ன் ஜெல்லி, நல்ல டார்ச், பெண்களுக்குப் பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருப்பது, இவ்வளவும் ஏற்பாடு செய்யுங்கள். விரல் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை எட்டும். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டியில் பெரும்பகுதி விரலுக்கே தட்டுப்படும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் மூல மாத்திரை எழுதிக் கொடுக்கும் முகாம் வேண்டவே வேண்டாம்.

கட்டி எந்த இடம் என்பதற்கேற்ப அறிகுறி மாறும், தன்னார்வலர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது, அங்கே மலம் இன்னும் நீர்மமாகவே இருக்கும். அங்கே கட்டி வந்தால் அடைப்பு சீக்கிரம் வராது, ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் தினமும் கசிந்து சோகை வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றுதான் வருவார்கள். வயிற்றைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இடப்பக்கம் குறுகல், மலம் கெட்டி. அங்கே மலப் பழக்கம் மாறும்: சில நாள் சிக்கல், பிறகு திடீரென்று பேதி, மறுபடி சிக்கல். இந்த மாறாட்டம் அப்படியே கலப்பு வகை ஐபிஎஸ் மாதிரி இருப்பதால்தான் தடுமாற்றம் வருகிறது. ஐபிஎஸ்ஸில் இது வருடக்கணக்கில் வந்து வந்து போகும். புற்றில் மாதக்கணக்கில் ஒரே திசையில் இறுகிக்கொண்டே போகும். வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், விட்டு விட்டு இழுத்து வலித்து, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. உடனே அறுவைசிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலம் போகவைக்கும் பேதி மாத்திரை கொடுக்கக் கூடாது, குடல் கிழியலாம்.

மலம் பென்சில் மாதிரி மெலிந்து போவதைப் பலர் பயத்தோடு சொல்வார்கள். தனியாக அதற்குப் பெரிய மதிப்பில்லை, முக்கிப் போனாலும் குடல் இறுகினாலும் மெலியும். ரத்தத்தோடோ எடை குறைவோடோ சேர்ந்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பள்ளத்தூர் தன்னார்வலர்

மிக்க நன்றி. வலி மார்க்கைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். திரை, கட்டில் ஏற்பாடாகிவிடும்.

ஒரு சந்தேகம். 'எல்லாம் ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்' என்று ஃபைலோடு வருபவர்கள் நிறைய. அவர்களை விட்டுவிடலாமா? சிலர் 'கேன்சர் ரத்தப் பரிசோதனை' என்று சிஈஏ (ரத்தத்தில் பார்க்கும் ஒரு புற்றுக் குறியீடு) முடிவையும் கொண்டு வருகிறார்கள்.

மதுரை குடல்நோய் மருத்துவர்

விட்டுவிடக் கூடாது. வயிற்று அல்ட்ராசவுண்ட் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை பார்க்க நல்லது. பெருங்குடலுக்குள் காற்றும் மலமும் இருப்பதால் ஒலி அலை அங்கே சிதறிவிடும்; சின்னக் கட்டியும் பாலிப்பும் (உள்தோலில் முளைக்கும் சதை மொட்டு) அதில் தெரியாது. அந்த ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றால் அது பார்த்த உறுப்புகள் நார்மல். குடலை அது பார்க்கவில்லை.

சிஈஏ கண்டுபிடிப்பதற்கான பரிசோதனை கிடையாது. ஆரம்ப நிலைப் புற்றில் அது சரியாகவே இருக்கலாம். புகைப்பவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் புற்று இல்லாமலே ஏறலாம். புற்று உறுதியானபின், சிகிச்சை முடிந்தபின், திரும்ப வருகிறதா என்று கண்காணிக்கத்தான் அது பயன்படும்.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பெண்களுக்கான பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு முதல் தடவையாக ஐபிஎஸ் மாதிரித் தொந்தரவு வருவது அரிது. மாதக்கணக்கில் தீராத உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் என்றால் சினைப்பைப் புற்றையும் நினைக்க வேண்டும். அங்கே சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் அடிவயிற்று ஸ்கேனும் அவசியம். சினைப்பைக் கட்டியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக் காலம் போக்குவது குடல் புற்றைவிடவும் சத்தமில்லாமல் நடக்கிறது.

நம் நாட்டில் இன்னொன்று: குடல் காசநோய். வலக்கீழ் வயிற்றில் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு. புற்று போலவே தெரியும், சதை எடுத்துப் பார்த்தால்தான் பிரியும். மருந்தால் குணமாகும் நோய் அது. ஆகவே மேலே அனுப்புவது புற்றைத் தேட மட்டும் என்று நினைத்துப் பயமுறுத்தி அனுப்பாதீர்கள்.

கழனிவாசல் லேப்

பரிசோதனை பக்கம் நான் எழுதுகிறேன்.

முகாமிலேயே எல்லாருக்கும் எடுக்க வேண்டியது முழு ரத்த எண்ணிக்கை. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் சோகை. அதோடு எம்சிவி (சிவப்பணுவின் பருமன்) 80க்குக் கீழே இருந்தால் அதே ரத்தத்தில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கவும். 15க்குக் கீழே என்றால் இரும்புச் சத்துக் குறைவு நிச்சயம், 30க்குக் கீழே பெரும்பாலும் அதுதான். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் சேர்த்துப் பாருங்கள். எம்சிவி குறைவாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக, சிவப்பணு எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குணமாக இருக்கலாம், அது வேறு வழி.

தயவுசெய்து, இரும்பு மாத்திரை கொடுப்பதற்கு முன்பு ரத்தத்தை எடுங்கள். மாத்திரை இரண்டு மாதம் போனால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், ஆளுக்கும் தெம்பு வந்துவிடும், கசிவு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச் சத்துக் குறைவு என்றால் ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இதில் சாப்பாட்டைக் காரணம் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. கொக்கிப்புழுவும் காரணமாகலாம், மலத்தில் முட்டை பார்க்கிறோம். புழு இருந்தாலும் வயது 45 தாண்டியிருந்தால் ஸ்கோப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் எழுதுகிறார்கள்.

மலத்தில் மறை ரத்தம் பார்ப்பதில் இரண்டு வகை. பழைய குவாயக் முறை ஹீமோகுளோபினின் ஹீம் (இரும்புள்ள) பகுதியைப் பார்க்கும். ஆட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல், முள்ளங்கி எல்லாவற்றுக்கும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் பொய்யாக நெகட்டிவ் காட்டும். மூன்று நாள் பத்தியம் இருந்து கொடுக்க வேண்டும். புதிய முறை ஃபிட். அது மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினை மட்டும் பிடிக்கும். கறி சாப்பிட்டாலும் பாதிப்பில்லை, பத்தியம் வேண்டாம். மேல் குடலில் கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடுவதால் ஃபிட் பாசிட்டிவ் என்றால் அநேகமாகப் பெருங்குடல் பக்கம். லேபில் 'ஸ்டூல் அக்கல்ட் பிளட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த முறை என்று கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் கெடுகிறது. தண்ணீர் படக் கூடாது. கழிவறையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் போய், குச்சியால் நாலைந்து இடத்தில் சுரண்டி, குழாயில் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். கட்டியாக அள்ளிப் போட்டால் அளவு தவறும். மாதவிலக்கு நாளில் எடுக்கக் கூடாது. அப்புறம் வெயில். ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும்; சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மத்தியானம் வரை கிடந்த மாதிரி உண்மையில் பாசிட்டிவாக இருந்தாலும் நெகட்டிவ் காட்டிவிடும். காலையில் எடுத்து அன்றே கொடுங்கள், முடியாவிட்டால் உறையில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம்.

மதுரை குடல்நோய் மருத்துவர்

ஃபிட் பற்றி ஒரு எல்லைக்கோடு. அளவு சொல்லும் ஃபிட்டில், தொந்தரவு உள்ளவருக்கு ஒரு கிராம் மலத்துக்கு 10 மைக்ரோகிராம் என்பது இங்கிலாந்தில் வைத்திருக்கும் வரம்பு. அந்த வரம்பிலும் புற்று உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத் தவறலாம். ஃபிட் நெகட்டிவ் என்று இருந்தும் சோகையோ எடை குறைவோ விரலுக்குத் தட்டுப்படும் கட்டியோ இருந்தால் ஃபிட்டைப் புறந்தள்ளிவிட்டு ஸ்கோப்புக்கு அனுப்புங்கள்.

இளவயது பேதிக்காரருக்கு, மலத்தில் அழற்சியைக் காட்டும் ஃபீக்கல் கால்ப்ரோடெக்டின் நல்ல உதவி. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு குறைவு. தைராய்டுக்கு டிஎஸ்எச், கோதுமையின் குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கு டிடிஜி ஐஜிஏ இவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் ஐபிஎஸ் என்று தைரியமாகச் சொல்லலாம். எல்லாருக்கும் ஸ்கோப் வேண்டாம்.

செக்காலை மருந்தாளர்

கேள்வித்தாளில் 'இப்போது என்ன மாத்திரை?' என்பதற்குப் பெரிய இடம் விடுங்கள். அட்டையையே கொண்டு வரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் பேதி தரும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் மலத்தை இறுக்கும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் தினமும் போடுகிறவருக்கு இரைப்பையிலிருந்தே ரத்தம் கசிந்து சோகை வரும்.

நம் கடைகளில் வயிற்றுக் கடுப்பு என்றதும் 'அமீபா' என்று சொல்லி ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. நான்கு நாள் நன்றாக இருக்கும், மறுபடி வரும், மறுபடி அதே அட்டை. ஒரு வருடத்தில் மூன்றாவது தடவை அந்த மாத்திரை கேட்டு வருபவரிடம் நாங்கள் கொடுக்காமல் பரிசோதனைக்குப் போகச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் பலர் இந்த இழையைப் படிப்பீர்கள், அண்ணன்மார்களே, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லோபெரமைடும் அப்படியே: பேதியை நிறுத்தும், காரணத்தை மறைக்கும். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது.

கோட்டையூர் உணவியலாளர்

'எதைச் சாப்பிட்டால் வருகிறது' கேள்வியை நீக்க வேண்டாம், ஆனால் அதை வைத்துப் புற்றா இல்லையா என்று பிரிக்காதீர்கள். குறுகிப் போன குடலும் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வலிக்கத்தான் செய்யும்.

ஐபிஎஸ் என்று உறுதியானவருக்கு நம் சமையலில் சிக்கல் எங்கே என்றால், பலரும் நினைப்பதுபோல் காரம் மட்டுமில்லை. மிளகாய் குடல் நரம்பைத் தூண்டி வலி கூட்டும், உண்மை. அதைவிடச் சின்ன வெங்காயமும் பூண்டும் பெரிய காரணம். அவற்றில் உள்ள ஃப்ரக்டான் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நுரைத்து வாயுவாகும். குழம்புக்கு உரித்த சின்ன வெங்காயம் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிற சமையல் நம்முடையது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை நல்லெண்ணெயில் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், உப்புசம் வராது. குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்துப் போட்டால் பயனில்லை, சாறு இறங்கியிருக்கும். பால் பணியாரத்தில் பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் அளவோடு. கொண்டைக்கடலை, மொச்சை கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். இந்த விலக்கு 4 முதல் 6 வாரம் போதும். பிறகு ஒவ்வொரு பொருளாக மூன்று நாள் கொடுத்துப் பார்த்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆயுளுக்கும் விலக்கினால் உடம்பு கெடும்.

நாருக்கு இசப்கோல் உமி, தினம் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து ஒரு வாரத்துக்குப் பிறகு கூட்டுங்கள், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. கோதுமைத் தவிடு ஐபிஎஸ்ஸில் உப்புசத்தைக் கூட்டும். அடைப்பு சந்தேகம் உள்ளவருக்கு எந்த நாரும் கொடுக்கக் கூடாது.

தேவகோட்டை வாசகர்

29 வயது. மூன்று வருடமாக வயிறு உப்பல், வேலை நெருக்கடி வந்தால் பேதி, மலம் போனதும் வலி அடங்கும். ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, தூக்கம் கெடவில்லை. இணையத்தில் குடல் புற்று இளவயதிலும் வருகிறது என்று படித்து நிம்மதி போய்விட்டது. ஸ்கோப் எடுத்தே ஆக வேண்டுமா?

மதுரை குடல்நோய் மருத்துவர்

தம்பி, நீங்கள் எழுதியது ஐபிஎஸ்ஸின் இலக்கணம். ரத்த எண்ணிக்கை, சிஆர்பி, டிடிஜி, கால்ப்ரோடெக்டின் பாருங்கள். நான்கும் சரியாக இருந்தால் ஸ்கோப் வேண்டாம், சிகிச்சை ஆரம்பியுங்கள். நம் நாட்டில் பெருங்குடல் புற்று மேலை நாடுகளை விடக் குறைவு. ஆனால் வருபவர்களில் 50க்குக் கீழ் உள்ளவர்கள் கணிசமானவர்கள். அதனால் வயதை மட்டும் காட்டி யாரையும் தள்ளிவிடக் கூடாது. இளவயதினருக்கு எச்சரிக்கை மணி ஆசனவாய் ரத்தம், இரும்புக் குறைவு, தீராத பேதி, தீராத வயிற்று வலி. இதில் ரத்தம் வந்தால் குறைந்தபட்சம் விரல் பரிசோதனையும் சிக்மாய்டோஸ்கோப்பியும் (குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் ஸ்கோப்) வேண்டும்; காரணம் தெரியாத இரும்புக் குறைவு என்றால் வலப்பக்கம் வரை பார்க்க வேண்டும்.

ஒன்றை வீட்டில் கேட்டுவிடுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்று இருந்ததா? 'அம்மாவுக்கு வயிற்றில் கட்டி', 'அப்பாவுக்கு மூலம் முற்றிப்போனது' என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். எந்த மருத்துவமனை, வயிற்றில் பை வைத்தார்களா என்று கேட்டால் விளங்கும். நேர் ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முந்துகிறதோ அப்போது ஸ்கோப். ஒரே குடும்பத்தில் குடல் புற்றும் கருப்பைப் புற்றும் 50க்கு முன் வந்திருந்தால் மரபணு ஆலோசனைக்கும் போக வேண்டும்.

பள்ளத்தூர் தன்னார்வலர்

குடும்பக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன். எடை குறைவை எப்படிக் கேட்பது? பழைய எடை யாருக்கும் தெரியாது.

எண்டோஸ்கோபி செவிலியர்

ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள, முயற்சி எதுவும் பண்ணாம, உடம்பு எடைல நூத்துக்கு 5 குறைஞ்சா கணக்குல எடுக்கணும். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. எடை தெரியாதவங்ககிட்ட 'ரவிக்கை தொளதொளன்னு ஆகிடுச்சா, மோதிரம் கழண்டு விழுதா, பெல்ட்ல எத்தனை ஓட்டை உள்ள தள்ளிருக்கீங்க'ன்னு கேளுங்க. சர்க்கரை புதுசா வந்து எடையும் குறைஞ்சா கணையத்தையும் பார்க்கச் சொல்லி எழுதுங்க.

ஸ்கோப்புக்கு அனுப்புறவங்களுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்புங்க. குடல் சுத்தமா இல்லைன்னா சின்னப் பாலிப் மறைஞ்சிடும், மறுபடி ஒரு நாள் வரச் சொல்லணும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் திரும்ப வர்றதில்லை.

இரும்பு மாத்திரையை 7 நாள் முன்னாடி நிறுத்தணும், அது குடல் சுவத்துல கறுப்பாப் படியும். மூணு நாள் முன்னாடியிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, எள்ளு, கவுனி அரிசி வேண்டாம். கவுனி தவிட்டோட உள்ள அரிசி, தோல் ஒட்டிக்கிட்டு நிக்கும். கடுகு, சீரகம் தாளிக்காதீங்க, விதை ஸ்கோப் குழாயை அடைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, மோர், முட்டை, மீன் சாப்பிடலாம். முந்தின நாள் தெளிஞ்ச நீர் மட்டும்: வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டின எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ. சிவப்புச் சாயம் உள்ள பானம் வேண்டாம்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை 2 லிட்டர் தண்ணில கரைச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க, குளிர்ந்தா உப்புக் கரிப்பு குறையும். பாதியை முந்தின சாயங்காலம், பாதியைப் பரிசோதனைக்கு 4ல இருந்து 6 மணி நேரம் முன்னாடி. கால் லிட்டரா, 15 நிமிஷத்துக்கு ஒண்ணா. ஒரே மூச்சுல குடிச்சா வாந்தி வரும். ரெண்டு மணி நேரம் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்தணும். கடைசில போறது சிறுநீர் மாதிரி தெளிஞ்ச மஞ்சளா இருக்கணும். துணுக்குகளோட கலங்கலாப் போனா வந்ததும் எங்ககிட்ட சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

நம்ம ஊருக்கு உள்ள சிக்கல் காலைப் பாதிதான். அதைக் குடிச்சிட்டு காரைக்குடில இருந்து மதுரைக்கு பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல போக முடியாது. அதனால முந்தின ராத்திரியே ஆஸ்பத்திரி பக்கம் தங்குங்க, இல்லைன்னா மத்தியான நேரம் கேட்டு வாங்கிக்கிட்டு, அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வீட்டிலேயே குடிச்சு முடிச்சிட்டுக் கிளம்புங்க. மயக்க ஊசி போட்டா அன்னைக்கு முழுசும் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருத்தர் கண்டிப்பா வேணும்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை இதெல்லாம் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தணும். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரைகளை வழக்கமா 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடுற குளோபிடோக்ரெல்லைத் தானா நிறுத்தினா இதயத்துக்கு ஆபத்து.

தேவகோட்டை சர்ஜன்

ரிப்போர்ட் வந்ததும் ஒரு வரியைத் தேடுங்கள்: சீக்கம் (வலப்பக்கத்தில் பெருங்குடல் தொடங்கும் இடம்) வரை போனார்களா, சிறுகுடல் வாயின் படம் இருக்கிறதா? போகவில்லை என்றால் வலப்பக்கம் பார்க்கப்படவில்லை. சோகைக்காக அனுப்பியவருக்கு அப்படி வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மறுபடி ஸ்கோப்போ சிடி கொலோனோகிராஃபியோ (சிடி ஸ்கேனில் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டும். பாலிப் எடுத்திருந்தால் திசு முடிவை வாங்கும் வரை ஃபைலை மூடாதீர்கள். அடினோமா என்ற வகைப் பாலிப் புற்றாகப் பொதுவாகப் பத்து வருட அளவு எடுக்கும், அந்த இடைவெளியில் எடுத்துவிட்டால் புற்றே வராமல் தடுத்தவர்கள் ஆவீர்கள்.

பள்ளத்தூர் தன்னார்வலர்

எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய தாள் அடிக்கிறேன். கடைசியாக ஒன்று: மேலே அனுப்பியவர்கள் போனார்களா என்று எப்படிப் பிடிப்பது? போன முகாமில் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் பலர்.

எண்டோஸ்கோபி செவிலியர்

தாளை ரெண்டு நகல் எடுங்க, ஒண்ணு உங்ககிட்ட. கைபேசி எண் ரெண்டு வாங்குங்க, நோயாளியோடது ஒண்ணு, வெளியூர்ல இருக்கிற மகனோ மகளோடது ஒண்ணு. பத்தாவது நாள் ஒரு தடவை, முப்பதாவது நாள் ஒரு தடவை கூப்பிடுங்க. காசுக்குத் தயங்குறவங்களை சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூணும் கையில இருக்கட்டும். எந்தக் கிழமை ஸ்கோப் வெளிநோயாளி நாள்னு முதல்லயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுத் தாள்ல எழுதிக் கொடுங்க. ரத்தம் போகுதுன்னு சொன்னவங்க பேரை மட்டும் சிவப்பு மையில எழுதுங்க, அவங்களைப் பத்து நாள் காக்க வைக்க வேணாம், மறுநாளே கூப்பிடுங்க.